வருஷத்துக்கு நாலு விரல்

"உயரத்தை அப்புறம் காட்டுங்க. பிள்ளையைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? அதை முதல்ல சொல்லுங்க."

வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் தையல்காரம்மா இதையேதான் கேட்டாள். தக்காளி தரம் பிரிக்கும் கொட்டகையில் கூடைகளை ஒதுக்கிவிட்டு, ஊர்ப் பெண்கள் தங்கள் தையல் மிஷின்களைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள் எல்லாரும் தொலைதூரத்து மலையடிவாரத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள். போன வாரத்து மழையில் அங்கே மலை சரிந்து வீடுகளை வாரிக்கொண்டு போய்விட்டது. குடும்பங்கள் கட்டின துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தன. விஷயம் தெரிந்ததும் கடைக்காரர்கள் துணி கொடுத்தார்கள், தைக்கத் தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லாரியில் எல்லாம் போகவேண்டும்.

முதல் ஆளிடமே சிக்கல் வந்தது. பையனுக்கு ஒன்பது வயசு என்றார், உயரம் கேட்டால் முட்டிக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். ஊரைவிட்டுக் கிளம்பும்போது பார்த்த உயரமாம். பாவம், எல்லா அப்பன்களும் அப்படித்தான் காட்டினார்கள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கடைசியில் தையல்காரம்மா தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். காட்டுகிற உயரத்துக்கு மேல் வருஷத்துக்கு நாலு விரல் கூட்டவேண்டியது.

வரிசையின் கடைசியில் நின்றவனை எல்லாரும் நெட்டை என்று கூப்பிட்டார்கள். தோட்டத்து மேஸ்திரி அவன் தோளைப் பிடித்து நேரே மிஷினுக்கு முன்னால் கொண்டுவந்து விட்டார். நின்றுகொண்டிருந்தவர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இவனுக்கு மட்டும் இன்னைக்கே தைச்சுக் கொடுத்துடுங்கம்மா. சாயங்கால பஸ்ஸுல ஊருக்குப் போறான். கையோட கொண்டுபோகணும்."

பறிப்பு நேரத்தில் யாருக்குமே லீவு கிடையாது. இவனுக்கு மட்டும் லீவு, இவனுக்கு மட்டும் முதல் தையல். மேஸ்திரிக்குச் சொந்தக்காரன் போலிருக்கிறது என்று தையல்காரம்மா மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

பெண் குழந்தை, ஏழு வயசு, பார்த்து மூணு வருஷம் என்றான் நெட்டை. இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். குவியலில் தேடிச் சிவப்புத் துணி ஒன்றை எடுத்தான். முதுகில் முடிச்சுப் போட நாடா வேண்டும், இரண்டு பக்கமும் பாக்கெட் வேண்டும், பாக்கெட் இல்லாத கவுனை அவள் தொடக்கூட மாட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பொண்ணா, மகாராணியா என்று தையல்காரம்மா கேலி செய்தாள். அவன் அதற்குச் சிரிக்கவில்லை.

"அப்ப பன்னெண்டு விரல் கூட்டிக்கிறேன், தம்பி."

"வேண்டாங்கக்கா. நான் காட்டின அளவுலயே தைங்க."

மூணு வருஷமாகப் பிள்ளை அப்படியே உட்கார்ந்திருக்குமா என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவன் திரும்பத் திரும்ப அதையே சொன்னான். சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, அவள் தன் கணக்குப்படியே துணியை வெட்டினாள். ஒரே துணியோடு நிற்கிற பிள்ளைக்குப் போடமுடியாத கவுன் போய்ச் சேர்வதில் அவளுக்குச் சம்மதமில்லை. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தைத்து முடித்தாள். பாக்கெட்டின்மேல் நூலால் ஒரு பூவும் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் நெட்டை குளித்து, தலை சீவி, பையோடு வந்தான். கூடவே மேஸ்திரியும் மற்றவர்களும் வந்து ஓரமாக நின்றார்கள். அவன் கவுனை விரித்து, அதன் தோளைத் தன் தொடைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். விளிம்பு அவன் கணுக்காலைத் தொட்டது.

பெரிசாக இருக்கிறது, பிரித்துச் சின்னதாக்கித் தரவேண்டும் என்றான். பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறதாம்.

தையல்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாள் பூராவும் குனிந்தே இருந்ததில் முதுகு வேறு விண்ணென்று வலித்தது.

"ஏன் தம்பி, போட்டுக்கப்போறது நீங்களா, உங்க பொண்ணா? நாலு வயசு அளவுல தைச்சா ஏழு வயசுப் பிள்ளைக்குத் தலையாவது நுழையுமா? எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நெட்டை கவிழ்த்துப்போட்ட கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்து, கவுனை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தான்.

"தோண்டுறதை நேத்தோட நிறுத்திட்டாங்கக்கா. அவ கிடைக்கல," என்றான். "குழியில வைக்க இந்தக் கவுனை விட்டா வேற ஒண்ணும் இல்ல. ஏழு வயசுல அவளை நான் பார்த்ததே இல்லக்கா, எனக்குத் தெரிஞ்ச பிள்ளையைத்தானே நான் புதைக்க முடியும்?"