பதினான்காயிரம் கிலோமீற்றர்

உட்துறைமுக வீதியிலிருந்த விமானப் பயணச்சீட்டு நிலையத்தில், கனகசபை கதிரையை முன்னிழுத்து அமர்ந்தார்.

"ரொறன்ரோவிலிருந்து மகன் வாறதெண்டால் எவ்வளவு நேரம், பிள்ளை?"

"பதினான்காயிரம் கிலோமீற்றர், ஐயா. இடையில் விமானம் மாறவேணும். கொழும்புக்கு இருபத்திரண்டு மணித்தியாலம்," என்றாள் பணிப்பெண் சீலா.

"அங்கிருந்து திருகோணமலைக்கு?"

"இன்னும் ஆறு. லீவு, ரிக்கற் எல்லாம் பார்த்தால் மூன்று நாள் வையுங்கோ. மகனுக்குப் பொம்பிளை பார்த்திட்டீங்கள் போல! எந்தத் திகதிக்குப் போட?"

"திகதி இன்னும் தெரியாது, பிள்ளை."

வீதியைக் கடந்த கனகசபை, சவப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்த மலர்ச்சாலைக்குள் நுழைந்தார்.

"உடலை மூன்று நாள் வைத்திருக்க ஏலுமோ, தம்பி?"

"ஓம், ஐயா," என்று எழுந்தார் உரிமையாளர் வின்சன்ட். "ஆர் மோசம் போனது?"

"ஒருவரும் இல்லை. நான் எனக்காகத்தான் கேட்கிறன். வைத்தியர் இரண்டு மாதம் சொல்லியிருக்கிறார். கொள்ளி வைக்க மகன் வந்து சேரவேணும்."

வின்சன்ட் தாமதித்தே பேனையை எடுத்தார்.

"நடந்தால் முதலில் ஆருக்கு அறிவிக்கிறது?"

"மகள் தேனுகாவுக்கு. நிலாவெளியில் இருக்கிறாள். பஸ்ஸில் அரை மணித்தியாலம். எனக்கு மருந்து தரத் தினமும் வாறவள்."

வின்சன்ட் அதை எழுதத் தொடங்க, கனகசபை கையை நீட்டி மறித்தார்.

"மூன்று நாள் வேண்டாம், தம்பி. அடுத்த நாளே எடுங்கோ. கொள்ளியை அவளே வைக்கட்டும்."