துண்டு போட்ட இடம்

"என் பொண்ணு ஓட வேண்டிய இடத்துல, உங்க பொண்ணுக்குத் துண்டு போட்டுட்டீங்களா?"

பள்ளிக்கூட மைதானத்துக்கு நடுவுல நின்னு கேட்டார் எலக்ட்ரீஷியன். பாதி வேலையில கிளம்பி வந்தவர். டெஸ்டர் இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவர் கேட்டதுல என்ன தப்பு? ரிலே ஓட்டத்துல கடைசியா ஓடுறது அவர் பொண்ணுதான். புயல்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஜெயிச்சா காலேஜ்ல சீட்டு உறுதி. அவளைத் தூக்கிட்டு, பி.டி. டீச்சர் தன் சொந்தப் பொண்ணைப் போட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு ஓடுற லட்சணத்தைப் பார்த்தா, கிளம்பின பஸ்கூட பாவம்னு நின்னுடும்.

"காரணம் சொல்லுங்க டீச்சர்."

"என் பொண்ணும் ஓடட்டுமேன்னு தோணுச்சு சார்."

"வெட்கமா இல்ல?"

புயல் தலையைக் குனிஞ்சு நின்னா. வேடிக்கை பார்த்தவங்க வாயைப் பொத்திச் சிரிச்சாங்க.

போட்டி நெருங்குற சமயம், புயல் ஓடி வந்து டீச்சர் காதுல ஏதோ சொன்னா. டீச்சர் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே அவ திரும்ப டீம்ல.

"பார்த்தியா, அப்பா போட்ட சத்தம் வேலை செஞ்சிருக்கு." பைக்ல போகும்போது எலக்ட்ரீஷியனுக்குப் பெருமை தாங்கல.

"சத்தம் இல்லப்பா. எனக்கு பீரியட்ஸ் வந்துடுச்சு."

பைக் ஒரு குலுக்கு குலுக்கி ஓரமா நின்னுச்சு.

"மாசக்கணக்கா வரலைப்பா. வெயிட் போட்டா வேகம் போயிடும்னு அரைவயிறு கால்வயிறா சாப்பிட்டு ஓடினேன். டீச்சர்தான் கண்டுபிடிச்சு அம்மாகிட்ட சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு நான்தான் அம்மாவைத் தடுத்துட்டேன். இப்படியே ஓடினா எலும்பு உடைஞ்சிடும், நல்லா சாப்பிடு, அது திரும்ப வரட்டும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அதை டீச்சர் என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க எல்லார் முன்னாடியும்தானே கேட்டீங்க? வயசுப் பொண்ணுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னு அங்க சொல்லியிருந்தா, ஊர் வாய் சும்மா இருக்குமா? அதான் திட்டை அவங்க வாங்கிக்கிட்டாங்க."

அப்பா பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

"அப்ப அவங்க பொண்ணு?"

"அவளுக்கு ஓடவே பிடிக்காதுப்பா. நல்லா ஓடுற வேற யாரையாவது போட்டிருந்தா, நான் திரும்பி வர்றப்ப எந்திரின்னு சொல்ல முடியுமா? டீச்சர் துண்டு போட்டது எனக்குப்பா."