கடல்நாகம் யாரைக் கூப்பிடுகிறது

அறைக்குள் கடல்நாகம் கத்தியது.

அடுக்களையில் அவள் கல்லில் அடை மாவைப் பரப்பிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், மகள் கேம் ஆடும் அறையிலிருந்து, தன் குரலைத் தானே கேட்பது இன்னும் பழகவில்லை.

டப்பிங்கில் எத்தனையோ வருடம். கூட்டத்தில் அலறுகிற பெண், கதவைத் திறக்கிற பெண், சாகிற பெண். ஒரே ஒரு முறை, ஒரு கேமில், பாம்பு. குரலைக் கனமாக்கி, தண்ணீரில் முக்கி எடுத்து, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கியிருந்தார்கள். போதாததற்கு, யாரிடமும் சொல்லக்கூடாதென்று கையெழுத்து வேறு.

வீட்டிலும் சொல்லவில்லை. கையெழுத்து என்றால் கையெழுத்துதான்.

அந்தப் பாம்புக்கு இப்போது இணையத்தில் ஆளுக்கொரு கதை. சாபம் வாங்கிய ராணி என்று ஒரு கூட்டம். மூழ்கிய நகரத்தைக் காவல் காக்கிறது என்று இன்னொரு கூட்டம். கேமில் வரும் தீவே அதன் முதுகுதான் என்று ஒருவன் படம் போட்டு விளக்கியிருந்தான். அது கோபத்தில் கத்துகிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

மகள் கோதை மட்டும் இல்லை என்றாள். பதினோராம் வகுப்பு. பிடித்தால் விடமாட்டாள்.

"ஒவ்வொரு தடவை கத்தினதும் கொஞ்சம் சும்மா இருக்கு. கோபத்துல கத்துறவங்க பதிலுக்குக் காத்திருக்க மாட்டாங்க. அது யாரையோ தேடுது" என்று எழுதிப் போட்டிருந்தாள்.

கேம் திணறி நடுவில் நிற்கிறது, அதுகூடத் தெரியவில்லையா என்று சிரித்துத் தள்ளிவிட்டார்கள். எழுதியதை அழித்துவிடப் போவதாகக் காலையில் சொன்னாள். முகம் வாடிக் கிடந்தது.

அம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

பாம்புக்குக் குரல் கொடுத்த அன்று ஸ்டுடியோவில் அவளுக்குக் கோபம் வரவேயில்லை. எப்படிக் கத்தினாலும் சவுண்ட் இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தீவுத்திடல் பொருட்காட்சியை நினைத்தாள்.

கை நழுவிப் போன நாலு வயதுக் கோதை.

ராட்டின இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு முறை கூப்பிட்டுவிட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையின் சத்தம் கேட்கிறதா என்று.

மைக் முன்னால், சொல் இல்லாமல், அப்படியே கூப்பிட்டாள். அப்படியே நின்றாள்.

இன்ஜினியர் போதும் என்றார்.

அந்தச் சின்ன அமைதி இத்தனை பேரில் ஒருத்தி காதில்தான் விழுந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அடை வெந்துவிட்டது. குக்கர் சத்தத்துக்கு மேல் குரலை இழுத்து மகளைக் கூப்பிட்டாள். வழக்கம்போல, கூப்பிட்டுவிட்டு ஒரு கணம் காது கொடுத்தாள்.

பதில் இல்லை.

அறைக்குள் கடல்நாகம் கத்தியது. நின்றது. மறுபடி, அதே கத்தல்.

நாற்காலி நகரும் சத்தம்.

கோதை அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அம்மாவையே பார்த்தாள்.

"அம்மா, இன்னொரு தடவ கூப்பிடேன்."

பெற்ற மகளைச் சாப்பிடக் கூப்பிடக்கூடாது என்று கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

அடுப்பைத் தணித்தாள். கூப்பிட்டாள்.

பிறகு, பதில் வரும்வரை, சும்மா இருந்தாள்.