கொலுசுக்கு விபூதி

நாளை மகளுக்குக் கல்யாணம். வெள்ளிக் கொலுசு கறுத்துக் கிடந்தது.

“பல்பொடி போட்டா கீறல் விழும். கடையில விபூதி வாங்கியாங்க” என்றாள் அம்சம்.

“சாமியே இல்லைங்கிறவன்கிட்டயா விபூதி கேக்குற?” கறுப்புச் சட்டைக்கார வீரையன் முனகிக்கொண்டே போனார்.

வெகுநேரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு திரும்பினார்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

“கடை பூட்டியிருந்துச்சு. சிவன் கோயிலுக்குப் போனேன்.”

பொட்டலத்தை வாங்க நீண்ட அம்சத்தின் கை நின்றது. “உள்ளயேவா?”

“உள்ளதான். பண்ணையாரு பாத்துக்கிட்டே நின்னாரு. ஐயரு என் கையிலயே வச்சாரு. எங்கப்பா கடைசிவரைக்கும் தெருமுனையில நின்னுதான் கோபுரத்தைக் கும்பிட்டாரு.”

அம்சம் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் அரிசிப் பானைக்குள் வைத்தாள். பிறகு பல்பொடியை எடுத்துக் கொலுசைத் தேய்க்க ஆரம்பித்தாள்.