திருவோணம், மகர ராசி, மூன்று சிலிண்டர்

"பேரு, ராசி, நட்சத்திரம் சொல்லுங்க சார்."

"திருவோணம், மகர ராசி. பேரு... மூணு சிலிண்டர் பெட்ரோல்."

பூசாரி பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. இன்ஜினுக்கு அர்ச்சனை செய்வது அவருக்குப் புதிதல்ல.

துரைக்கண்ணு நீலநிற ஃபைலைத் தட்டில் வைத்தார். ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனி ஒன்றில் இன்ஜின் உருவாக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அந்த இன்ஜின் முதன்முதலாக உறுமிய நாளின் நட்சத்திரத்தைக்கூடக் குறித்து வைத்திருந்தார்.

எட்டு வருஷம். மேலே நாலு பெரிய தலைகள்.

முதலாமவர் டீசல் என்றார். அடுத்தவர் டீசலுக்குக் கருமாதி செய்துவிட்டுப் பெட்ரோல் என்றார். மூன்றாமவர் பாட்டரி என்று ஆறு மாதம் முழங்கிவிட்டு வேறு கம்பெனிக்குத் தாவினார். நாலாமவர் இப்போதைய வைஸ் பிரசிடெண்ட் ராமராஜன். மறுபடியும் பெட்ரோல்தான் என்று துரைக்கண்ணுவின் தோளில் தட்டியவர்.

இன்று ஒன்பது மணிக்கு போர்டு மீட்டிங். பாஸானால் இன்ஜின் உற்பத்திக்குப் போகும். இல்லையென்றால் துரைக்கண்ணுவும் அவருக்குக் கீழே இருக்கும் நாற்பத்தோரு பேரும் வீட்டுக்குப் போவார்கள்.

முதல் டீசல் இன்ஜின் சோதனை மேடையிலேயே வெடித்துச் சிதறிய நாளிலிருந்து கம்பெனியில் ஒரு பழக்கம். செவிலிமேட்டில் இருக்கும் இந்தச் சின்னக் கோயிலில், அம்மன் காலடியில் வைத்து எடுக்காத ஃபைல் போர்டு அறை வாசலைத் தாண்டாது. தலைவர்கள் மாறினார்கள், திட்டங்கள் மாறின. இது மட்டும் மாறவில்லை.

செருப்பை உதறிவிட்டு இன்னொருவன் உள்ளே வந்தான். ராமராஜனின் டிரைவர் வேல்முருகன். கையில் அதே கம்பெனி நீல ஃபைல்.

"என்னா வேலு, நீ எங்க இங்க?"

"ஐயா குடுத்தனுப்பினாரு சார். அம்மன் காலுல வச்சு, எடுத்துக்கினு நேரா மீட்டிங்குக்கு வரச் சொன்னாரு."

நம் இன்ஜினுக்காக மனிதர் தனியாக வேறு பூஜைக்கு அனுப்பியிருக்கிறாரே! இவரையா கேன்டீனில் உட்கார்ந்து கரித்துக் கொட்டினோம் என்று துரைக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூசாரி இரண்டு ஃபைல்களையும் உள்ளே கொண்டுபோய்த் திரையை இழுத்துவிட்டார்.

மணி அடித்தது. திரை விலகியது. கற்பூரம், குங்குமம், ஆளுக்கு ஒரு ஃபைல். வேல்முருகன் ஓட்டமாக ஓடினான். வெளியே கார் சீறிக் கிளம்பியது.

துரைக்கண்ணு கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று தன் ஃபைலைப் பிரித்தார்.

அவர் ஃபைல் இல்லை அது.

முதல் பக்கத்தில், இன்ஜின் பிரிவை மூடுவதற்கான தீர்மானம்.

அடுத்த பக்கத்தில் பெயர்ப் பட்டியல். நாற்பத்திரண்டு பேர். முதல் பெயர் அவருடையது.

கடைசிப் பக்கத்தில் ஆறு கையெழுத்துகள். 'பரிந்துரைப்பவர்' என்ற இடத்தில் இருந்ததும் அவருடையதுதான்.

கள்ளக் கையெழுத்தல்ல. சுத்தமான அசல்.

மாதத்துக்கு ஒரு தடவை திட்டம் மாறுகிற கம்பெனியில், ஒவ்வொரு தடவையும் ஆறு பேரைத் துரத்திப் பிடித்து யார் கையெழுத்து வாங்குவது? கையெழுத்துப் பக்கத்தை மட்டும் முன்கூட்டியே ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகிதங்களை மாற்றிக்கொண்டால் போயிற்று. இந்த அருமையான யோசனையைச் சொன்னவருக்கு ஆண்டு விழாவில் வெள்ளிக் குத்துவிளக்கு பரிசு கொடுத்தார்கள்.

குத்துவிளக்கு இப்போது துரைக்கண்ணு வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது.

வாசலுக்கு ஓடினார். கார் புள்ளியாகிவிட்டிருந்தது. அதில் போய்க்கொண்டிருப்பது அவருடைய மூன்று சிலிண்டர். அதிலும் அதே கடைசிப் பக்கம், அதே ஆறு கையெழுத்துகள்.

மூடுவிழாச் சேதியை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் ராமராஜனுக்குக் கிடையாது. ஃபைலை அப்படியே சேர்மன் முன்னால் நகர்த்துவார். சேர்மன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவார். பத்து மணிக்குள் இன்ஜின் பாஸ். பிறகு விஷயம் தெரிந்தாலும், 'படிக்காமலே போட்டுவிட்டோம்' என்று எந்த மகானுபாவன் எழுந்து சொல்லப்போகிறான்?

ஆனால் எட்டு வருஷம் நேர்மையாக உழைத்த கை அது. தானாகப் போனை எடுத்து வேல்முருகனின் எண்ணைத் தட்டியது.

"யாருக்கு சார் போனு?" என்றார் பூசாரி.

"ஃபைல் மாறிப்போச்சு பூசாரி. உங்க கை தவறிடுச்சு போல."

"தவறலியே." பஞ்சாட்சரம் விளக்குத் திரியைத் தூண்டினார். "எனக்கு இங்கிலீஷு அரைகொறைதான் சார். ஆனா பேரு படிக்கத் தெரியும். இருபத்தி மூணாவதா தேவிப்ரியான்னு ஒண்ணு இருக்குது பாருங்க."

துரைக்கண்ணு பார்த்தார். இருந்தது. இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடும் பெண்.

"எம் பொண்ணு சார்."

ஆறு பெரிய மனிதர்களின் கையெழுத்தோடு வந்த ஃபைல். உள்ளே பிரித்துப் படித்த முதல் ஆள் பூசாரிதான்.

எதிர்முனையில் குரல் கேட்டது. "சொல்லுங்க சார். வேலுதான்."

"ஒண்ணுமில்லப்பா," என்றார் துரைக்கண்ணு. "பாத்து, மெதுவா..."

நிறுத்தினார்.

"இல்ல, கொஞ்சம் வேகமாவே போ."