குழாய் அடைக்க வந்தவர்

1988. லண்டன் வெம்பிளியில் ஒரு வாடகை வீட்டில் சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டது. வீட்டுக்காரரான கிரேக்கருக்குப் பாலாம்பிகை போன் செய்தாள். சற்று நேரத்தில் நரைமீசைக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார்.

அவர் வாய் திறக்குமுன், “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ!” என்று கணவன் செல்வரத்தினத்திடம் கத்தினாள்.

வந்தவர் சப்பாத்தோடு கோட்டையும் கழற்றிவிட்டு, ஈரத்தில் மல்லாந்து படுத்துக் குழாயை அடைத்தார்.

“கெட்டிக்காரன்! தேத்தண்ணி குடியும்,” என்று அவரிடம் கோப்பையை நீட்டினான் செல்வரத்தினம்.

அப்போது வீட்டுக்காரர் பிளம்பரோடு ஓடிவந்தார். “அண்ணா! பிளம்பர் வருகிறார் என்று சொல்லத்தானே உன்னை அனுப்பினேன்?” என்றவர், தம்பதியிடம் திரும்பி, “இவர் முன்பு கடற்படை இன்ஜினியர். இப்போது எங்கள் நாட்டில் மந்திரி,” என்றார்.

“ஐயோ, மந்திரியையோ சப்பாத்துக் கழட்ட வைச்சனான்!” பாலாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டாள்.

மந்திரி தேநீரை ரசித்து உறிஞ்சினார். “அரசியலுக்கு வந்து பத்து வருஷம். மக்கள் கேட்ட அன்றைக்கே நான் செய்து முடித்த முதல் வேலை இதுதான்!”