ஆண்களுக்கு அனுமதி இல்லை

ஜன்னல் திரைக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. ரோமம் அடர்ந்த ஆம்பளைக் கை. ஜன்னல் கட்டையில் ஒரு போனைப் படுக்க வைத்துவிட்டு, வந்த வழியே வெளியே போய்விட்டது.

நர்சக்காவுக்குப் பேச்சு பாதியில் நின்றது. சுற்றிலும் பாயில் தாய்மார்கள், ஆளுக்கொரு குழந்தையை மாரோடு அணைத்தபடி. நல்லவேளை, வேறு யாரும் கவனிக்கவில்லை.

இந்தக் கூட்டத்தைச் சேர்க்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்பத்திரி எட்டாத குடியிருப்பு அது. பால் வரவில்லை என்று பயந்துபோய் மாவுப்பால் வாங்குவார்கள். கட்டுப்படியாகாமல் அதையும் தண்ணீராகக் கரைப்பார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, மாமியார்களிடம் பேச்சு வாங்கி, பஸ் பட்டறைக்குப் பின்னால் இந்த அறையைப் பிடித்து, கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினாள். அதன் பிறகுதான் எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் துணிந்து வந்தார்கள். ஜன்னலில் ஒருத்தன் நிற்கிறான் என்று தெரிந்தால் அடுத்த வாரம் ஈ காக்கை வராது.

குரலை மாற்றாமல் பாடத்தைத் தொடர்ந்தாள். "குழந்தைகிட்ட நீங்க குனியாதீங்க, குழந்தையை உங்ககிட்ட கொண்டு வாங்க. அது வாயை நல்லா அகலமாத் திறக்கட்டும், அதுவரைக்கும் பொறுங்க. அவசரப்பட்டா வலிக்கும்."

சொல்லிக்கொண்டே, பக்கத்தில் இருந்த தையல்காரியின் காதில் மெல்ல விஷயத்தைப் போட்டாள். போட்டது தப்பாயிற்று. தையல்காரிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். குழந்தையை நர்சக்கா கையில் திணித்துவிட்டு, மேலாடையைச் சரிசெய்துகொண்டு பாய்ந்து போனாள். பாதிச் சாப்பாட்டில் பந்தியைவிட்டு எழுப்பப்பட்ட கோபத்தில் அது வீறிட்டது.

நர்சக்கா வெளியே வருவதற்குள் தையல்காரியின் பிடியில் ஒரு வாட்டசாட்டமான ஆளின் சட்டைக் காலர் இருந்தது.

"யாருடா நீ? பொம்பளைங்க பால் குடுக்கற இடத்துல உனக்கென்னடா வேலை?"

"ஷ்ஷ்... சத்தம் போடாதீங்கம்மா. கால்ல வேணாலும் விழறேன், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"ஓஹோ! மாட்டினதும் மானம் வந்துடுச்சோ? இரு, ஊரையே கூட்டறேன்!"

ஊரைக் கூட்டத் தேவையே இல்லாமல் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவன் வாயில் விரலை வைத்தான். ஜன்னலைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான். ஆள் பனைமரம் மாதிரி இருந்தும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

நர்சக்காவுக்கு இரக்கம் வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் இந்தத் தடியனால் விழலுக்கு இறைத்த நீராகப் போகிறதே!

"அக்கா, முதல்ல அவன் எடுத்த படத்தை அழிங்க!"

"படம் என்ன படம், போனையே உடைங்க!"

நர்சக்கா ஜன்னலுக்குள் கையை விட்டுப் போனை எடுத்தாள். அதில் படமும் இல்லை, கிடமும் இல்லை. யாருடனோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளி எவனாவது கேட்டுக்கொண்டிருக்கிறானா என்று காதில் வைத்தாள்.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது.

"வச்சுடாதீங்கக்கா... நீங்க சொன்னபடி செஞ்சு பாப்பா இப்பத்தான் பிடிச்சுக் குடிக்குது!"